நின்றுபோன பந்து

அத்தியாயம் எட்டு

துப்பறியும் வெள்ளைத்துரைக்கு அன்று காலைக் காபி தொண்டையில் இறங்கவில்லை. காபியில் குற்றமில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பெண் கேட்ட கேள்விதான் வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

“சக்கரம் நின்னுச்சுன்னு உங்ககிட்ட யார் சார் சொன்னாங்க?”

கேட்டவள் ஜெயபாரதி. தி. நகர் ஜவுளி வியாபாரி சிதம்பரநாதனின் ஒரே மகள். போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் கல்யாணப் பெண். மாப்பிள்ளை ஜவஹரைத் திருடன் என்று நாலு பேர் நடுவில் நிறுத்தி அந்தக் கல்யாணத்தைக் கலைத்த புண்ணியவான் சாட்சாத் நம் வெள்ளைத்துரையேதான்.

“பந்து நின்னுதும்மா. பந்து நின்னா சக்கரம் நின்னுதுன்னுதானே அர்த்தம்?”

“பந்து நின்னுச்சு. சக்கரம் நிக்கல. பெல்ட்டு கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டேதான் இருந்துச்சு. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்.”

“அன்னைக்கே ஏம்மா சொல்லலை?”

“நீங்க யாரையாவது கேட்டீங்களா? வந்ததும் வராததுமா அவரைப் பையைத் திருப்பிக் காட்டச் சொன்னீங்க. எனக்கு வாயே வரல. அது என் தப்புதான். ஆனா நாளைக்கு அவரைக் காலேஜ்ல ராஜினாமா எழுதிக் குடுக்கச் சொல்லியிருக்காங்க. அப்பா எனக்கு வேற இடம் பாக்கறார். சத்தம் நிக்கலை சார். அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

அவள் படியிறங்கிப் போனாள். மூலையில் டைப்ரைட்டருக்கு முன்னால் இருந்த ஷம்ஷாத் தலையைத் தூக்கினாள். ராயப்பேட்டைப் பெண். டைப் அடிக்கத்தான் சேர்ந்தாள். இப்போது அந்தக் கச்சேரி ரோடு மாடி அறையில் டைப்ரைட்டரைவிட அவள் வாய்தான் அதிகம் ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னா சார், காபி ஆறிக்கினு கீது. துன்றதுக்கு ஏதாச்சும் வாங்கியாரவா? இல்ல, சொன்ன வார்த்தையையே துன்னுக்கிறியா?”

வெள்ளைத்துரை காபியைத் தள்ளி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை தனக்குக் கிடைத்த தகவல்களை மறுபடி ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார்.

ஜவஹர் ஒரு கல்லூரியில் பௌதிகப் பிரிவில் வேலை பார்ப்பவன். நிச்சயத்துக்கு முன்னால் பெண் வீட்டார் ஆசைப்பட்டுக் கேட்டார்கள் என்று, தான் வீட்டிலேயே செய்த மின்சார மிஷினைக் கொண்டுவந்திருந்தான். கையால் சுற்றும் சக்கரம், ரப்பர் பெல்ட், அதற்கு மேலே கவிழ்த்து வைத்த எவர்சில்வர் பானை. சுற்றச் சுற்றப் பானையில் மின்சாரம் ஏறும். பக்கத்தில் செங்குத்தாக இரண்டு எவர்சில்வர் தட்டுகள். நடுவே பட்டு நூலில் ஒரு பிங்பாங் பந்து, சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதம் ஒட்டியது. சக்கரத்தைச் சுற்றினால் பந்து இந்தத் தட்டுக்கும் அந்தத் தட்டுக்கும் தானாகவே ஓடி, டொக் டொக்கென்று மோதி ஆடும்.

பொறி தெறிக்கும் என்பதால் கிட்டே வருகிற பெண்கள் நகைகளைக் கழற்றிப் பக்கத்து ஸ்டூலில் இருந்த வெள்ளித் தாம்பாளத்தில் வைத்தார்கள். தாலியைத் தவிர. தாலியைக் கழற்றச் சொல்லும் தைரியம் எந்த விஞ்ஞானிக்கும் இன்னும் வரவில்லை. விளக்கை அணைத்ததும் ஜவஹர் சக்கரத்தைச் சுற்றினான். பந்து ஆடியது. நடுவில் கொஞ்ச நேரம் டொக் சத்தமில்லாமல் நின்றது. மறுபடி ஆடியது. விளக்கைப் போட்டபோது, வீட்டம்மா முத்துலட்சுமியின் இரட்டைவடச் சங்கிலியைத் தாம்பாளத்தில் காணோம்.

வெள்ளைத்துரையைக் கூப்பிட்டனுப்பினார்கள். வந்தார், விசாரித்தார், ஒரு மீசைத் தடவலில் முடித்துவிட்டார். பந்து நின்றது என்றால் சக்கரம் சுற்றிய கை சக்கரத்தை விட்டுவிட்டது. சக்கரத்தை விட்ட கை எங்கே போயிருக்கும்? தாம்பாளத்துக்கு! எல்லோரும் ஆகா என்றார்கள். அந்த ஆகா இனித்தது. இனித்த வேகத்தில் ஜவஹரின் சாந்தோம் வீட்டுக்கே போய், தெரு முழுக்க வேடிக்கை பார்க்க அரிசி டப்பா வரை கொட்டிப் பார்த்தார். சங்கிலி கிடைக்கவில்லை. ‘எங்கோ கைமாற்றிவிட்டான்’ என்று தெருவிலேயே சத்தமாகச் சொல்லிவிட்டும் வந்தார்.

பெல்ட்டின் சத்தத்தைப் பற்றி ஒரு ஆளைக்கூடக் கேட்கவில்லை. அதை நினைத்தபோது அவருக்குக் காது மடல் சுட்டது.

“கிளம்பு ஷம்ஷாத்.”

“எங்க?”

“சாந்தோம்.”

“அந்தத் தெருவுக்கா? ஹெல்மெட்டு கில்மெட்டு எதுனா கீதா சார் உங்கிட்ட?”

*

சந்தில் நுழைந்ததுமே குழாயடியில் பேச்சு நின்றது. ஒருத்தி தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் காறித் துப்பினாள். பக்கத்துச் சாக்கடையில்தான் துப்பினாள், ஆனாலும் வெள்ளைத்துரைக்குத் தன் சட்டையைத் துடைத்துக்கொள்ளத் தோன்றியது.

கதவைத் திறந்தது ஜவஹரின் அம்மா தேவானை. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“இன்னும் எதைக் கொட்டிப் பாக்கணும் சார்?” என்றான் ஜவஹர். நாலு நாள் சவரம் செய்யாத முகம்.

“உங்க மிஷினைப் பாக்கணும். நான் சுத்திப் பாக்கணும்.”

மூலையில் துணி போட்டு மூடியிருந்ததை ஜவஹர் எடுத்து வைத்தான். கடற்காற்றின் ஈரம் பட்டால் மிஷின் படுத்துவிடுமாம். தேவானை ஒன்றும் பேசாமல் குமுட்டி அடுப்பில் கனலைப் போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். பெல்ட்டும் பானையும் காய்ந்தன. வெள்ளைத்துரை கோட்டைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைப் பிடித்தார். கீச்சு கீச்சென்று பெல்ட் கத்தியது. கைமயிர் சிலிர்த்தது. பந்து மெல்லத் தயங்கி, பிறகு டொக் என்று தட்டில் மோதி, திரும்பி, எதிர்த் தட்டில் டொக் என்றது.

“எப்படிப்பா ஆடுது?” என்றாள் ஷம்ஷாத்.

“இந்தத் தட்டு பானையோட சேர்ந்தது. பந்து இதைத் தொட்டா இதுல இருக்கிற கரன்ட் அதுக்கும் ஏறும். ஏறினதும் தட்டே அதைத் தள்ளிவிட்டுடும். எதிர்த் தட்டுல போய் இறக்கி வெச்சுட்டுத் திரும்ப வரும்.”

“நம்ப கவர்மென்ட் ஆபீஸ் ஃபைல் மாதிரி.”

ஜவஹருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வெள்ளைத்துரை இருப்பது ஞாபகம் வந்ததும் அடக்கிக்கொண்டான். ஷம்ஷாத் பானைக்கு இன்னும் கிட்டே குனிந்தாள். குனிந்ததில் தோளில் புடவையைப் பிடித்திருந்த ஊக்கு விட்டுப்போயிற்று. அதைக் கழற்றி விரித்துக் கையில் வைத்தபடி மடிப்பைச் சரிசெய்தாள்.

பந்து தளர்ந்தது. ஆட்டம் குறைந்தது. நடுவில் வந்து சும்மா தொங்கியது.

“இன்னா சார், கைய எடுத்துட்டியா?”

“இல்லையே! சுத்திக்கிட்டுத்தானே இருக்கேன்.”

கீச்சு கீச்சு என்று பெல்ட்டும் சாட்சி சொன்னது.

“அப்போ உன் கணக்குப்படி சங்கிலிய எடுத்தது நீதான் சார்” என்று ஷம்ஷாத் வழக்கம்போல் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திக்கொண்டு, ஊக்கை மாட்டினாள்.

டொக். டொக்.

“ஷம்ஷாத், அந்த ஊக்கைத் திரும்பக் கழட்டு.”

கழற்றினாள். பந்து நின்றது. மூடினாள். ஆடியது. வெள்ளைத்துரை சக்கரத்தை விட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

“ஊசி மாதிரிக் கூர்முனை கிட்ட வந்தா பானையில இருக்கிற கரன்ட் சத்தமில்லாம கசிஞ்சு போயிடும்” என்றான் ஜவஹர், ஜன்னலைப் பார்த்தபடி. “முதல் வருஷப் பசங்களுக்கே தெரியும்.”

“அப்போ உங்களுக்கு அன்னைக்கே தெரியும்.”

ஜவஹர் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“இருட்டுல யாரோ ஒருத்தர் தாம்பாளத்துக்குப் பக்கத்துல நின்னு ஊக்கை விரிச்சிருக்காங்க” என்றார் வெள்ளைத்துரை. “ஆம்பளை ஊக்கு வெச்சுக்கிறதில்லை. எடுத்த சங்கிலியை உள்பாவாடையில குத்திக்கிறதுக்குத்தான் ஊக்கு. தாம்பாளத்துல எத்தனையோ நகை. திருட வந்தவ கைக்கு வந்ததை அள்ளியிருப்பா. இந்த ஒரு சங்கிலியை மட்டும் இருட்டுல தடவிப் பாத்து எடுத்திருக்காங்க. எந்தச் சங்கிலி எதுன்னு தொட்டே தெரிஞ்ச கை ஒண்ணுதான் இருக்கு.”

“அதைக் கழுத்துல போட்டுக்கினு இருந்தவங்க கை” என்றாள் ஷம்ஷாத் மெதுவாக. “அய்ய! சொந்தச் சங்கிலிய யாராவது திருடுவாங்களா?”

“அன்னைக்கு விளக்கை அணைக்கறதுக்கு முன்னாடி என்ன பேச்சு நடந்துச்சு ஜவஹர்?”

“பந்து உள்ளே பிளாஸ்டிக்தான், மேல்பூச்சு இருந்தா போதும்னேன். அடுத்து ஒரு நகையை அந்த நூல்ல தொங்கவிட்டுப் பாக்கலாம்னேன். மாமா சிரிச்சுக்கிட்டே, ‘அப்ப எது அசல், எது கவரிங்னு மிஷினே சொல்லிரும்’னார். எல்லாரும் சிரிச்சாங்க. தங்கமோ, முலாமோ, மிஷினுக்கு எல்லாம் ஒண்ணுதான் சார். அதைச் சொல்லியிருக்கணும். நானும் சேர்ந்து சிரிச்சிட்டேன்.”

“அந்தம்மா சிரிக்கலை.”

“ஒரு பொறி தெறிச்சப்ப அவங்க கையைப் பாத்தேன். ஏன்னு புரியல. அப்புறம் நீங்க என்னைக் கை காட்டினப்ப அவங்க முகத்தைப் பாத்தேன். புரிஞ்சுது.” அவன் திரும்பினான். “அவங்க வீட்டுல பொண்ணு எடுக்கப் போனவன் சார் நான். அவங்களையே சபையில நிக்க வெச்சுட்டு நான் எப்படித் தப்பிச்சுக்கறது? நீங்களும் சொல்லக் கூடாது. சொன்னா நான் இல்லைன்னு சொல்லுவேன்.”

வெள்ளைத்துரை இருபது வருஷமாகத் துப்பறிகிறவர். கத்தியைப் பார்த்திருக்கிறார், துப்பாக்கியைப் பார்த்திருக்கிறார். அந்தப் பையனை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்த ஒருவனை, ஒன்றுமே தெரியாமல் வாய் கிழியப் பேசித் தெருவில் நிறுத்தியிருந்தார். அவமானத்தில் அவருக்குக் கண் கரித்தது.

*

“உண்மை கையில கீது. வாயில மட்டும் வரக் கூடாது. நல்லா மாட்டிக்கின சார்” என்றாள் ஷம்ஷாத், தி. நகர் பஸ்ஸில்.

“நான் தப்பு பண்ணிட்டேன்னு சொல்லப் போறேன்.”

“அப்போ திருடுனது யாருன்னு கேப்பாங்களே?”

“தெரியலைன்னு சொல்வேன்.”

ஷம்ஷாத் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவள் பேசாமல் வந்த முதல் பஸ் பயணம் அது.

சிதம்பரநாதன் வீட்டு ஹாலில் ஞாயிற்றுக்கிழமை இருந்தவர்கள் அத்தனை பேரும் கூடியிருந்தார்கள். துப்பறிவாளர் வரச் சொன்னார் என்றதும் சங்கிலி கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, சித்தப்பா ஒருவர் கடையைக்கூடப் பாதியில் பூட்டிவிட்டு வந்திருந்தார். முத்துலட்சுமி சமையலறை வாசலில் நின்றாள். ஜெயபாரதி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஜவஹர் திருடலை” என்றார் வெள்ளைத்துரை. “நான் சொன்னது தப்பு. சக்கரம் நிக்கவே இல்லை.”

“என்ன சார் சொல்லுதீங்க?” என்றார் சிதம்பரநாதன். “அன்னைக்கு அப்படி அடிச்சுச் சொன்னீங்க. இன்னைக்கு இல்லங்கீங்க. சரி, பந்து ஏன் நின்னுச்சு?”

ஊக்கு என்று சொன்னால் கதை அங்கேயே முடிந்துவிடும். “சொல்லத் தெரியலை” என்றார்.

“அப்போ சங்கிலிய எடுத்தது யாரு?”

“தெரியலை.”

“தெரியலையா? இதைச் சொல்லவா எங்க எல்லாத்தையும் கூட்டினீங்க?” சித்தப்பா எழுந்தேவிட்டார். “அந்தப் பய இவருக்கு ஏதோ குடுத்திருக்கான் அண்ணாச்சி! அதான் மாத்திப் பேசுதாரு.”

ஹாலில் சலசலப்பு எழுந்தது. போலி என்றது ஒரு குரல். ஷம்ஷாத்தின் முகம் சிவந்தது. வாயைத் திறக்கப் போனவளை வெள்ளைத்துரை கையமர்த்தினார். அன்றைக்கு ஜவஹரும் இப்படித்தானே நின்றிருப்பான் என்று நினைத்துக்கொண்டார். அவனுக்காவது செய்யாத தப்பு.

“காசு வாங்கினேன்னே வெச்சுக்குங்க” என்றார். “ஆனா அந்தப் பையன் எடுக்கலை. நாளைக்குக் காலேஜுக்கும் நானே போய்ச் சொல்வேன். எனக்கு அதுக்கு மேல எதுவும் தெரியாது.”

“வெளிய போங்கய்யா” என்றார் சிதம்பரநாதன்.

“அவர ஏசாதீங்க.”

குரல் சமையலறை வாசலிலிருந்து வந்தது. முத்துலட்சுமி உள்ளே போனாள். பருப்பு டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, இரட்டைவடச் சங்கிலியைக் கணவன் முன்னால் இருந்த மேஜையில் வைத்தாள். அதில் இரண்டு துவரம்பருப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

“எடுத்தது நாந்தான். இது கவரிங்கு. அசலு சங்கரன்கோயில்ல என் தங்கச்சி மவ கழுத்துல கெடக்கு. அவ கல்யாணத்துக்கு நம்ம வீட்டுல இருந்து ஒருத்தரும் போவக் கூடாதுன்னுட்டீங்க. வெறுங்கழுத்தா மணையில உக்காருவாளேன்னு எனக்கு மனசு கேக்கல.”

சிதம்பரநாதன் சங்கிலியையே பார்த்தார்.

“மிசினு அசலு எது, கவரிங்கு எதுன்னு சொல்லிரும்னீங்க. இத்தன சொந்தத்துக்கு முன்னால தெரிஞ்சா உங்க மானம் போயிருமேன்னு பயந்து எடுத்து மறைச்சேன். அந்தப் பையன் மானம் போவும்னு நெனக்கல.” அவள் நிறுத்தினாள். தலையை ஆட்டிக்கொண்டாள். “இல்ல. நெனச்சேன். நெனச்சிட்டும் சும்மாதான் நின்னேன்.”

“மிஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா” என்று ஜெயபாரதி அழுதாள். “அது எதையுமே சொல்லியிருக்காது.”

சித்தப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வேறு யாரைப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சிதம்பரநாதன் சங்கிலியைக் கையில் எடுத்தார். ஒட்டியிருந்த பருப்பைத் தட்டிவிட்டார். மனைவியை ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்று தான் சிரித்த சிரிப்பு அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும், முகம் கறுத்துப்போயிருந்தது.

“ஜெயா, காரை எடுக்கச் சொல்லும்மா” என்றார். “நாம மூணு பேரும் போயி அந்தப் பிள்ளை கால்ல விழுந்துட்டு வருவோம். நீங்களும் ஏறுங்க சார்.”

*

சந்துக்குள் கார் நுழையாது. முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்தார்கள். சிதம்பரநாதன் முன்னால், அவர் பின்னால் தாயும் மகளும். வெள்ளைத்துரை எல்லோருக்கும் கடைசியில், சுவரை ஒட்டி நடந்தார்.

“இன்னா சார்” என்றாள் ஷம்ஷாத், கூடவே நடந்துகொண்டு. “குத்தம் சொல்றதுக்குத் தெருவுல முதல் ஆளா வந்த. இப்போ இன்னா பின்னால பம்மிக்கினு வர்ற?”

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை.

தேவானை கதவைத் திறந்தாள். பெண் வீட்டாரைப் பார்த்துத் திகைத்தாள். பின்னாலிருந்து ஜவஹர் எட்டிப் பார்த்தான். அவன் கண் நேரே வெள்ளைத்துரையிடம் போயிற்று.

“சொல்லிட்டீங்களா சார்?” என்றான். குரலில் அத்தனை வேதனை.

“அவர் சொல்லல, மாப்பிள்ளை” என்றாள் முத்துலட்சுமி. “நானே சொல்லிட்டேன்.”

அவள் குனியப் போனாள். ஜவஹர் பதறிப்போய் இரண்டு கையாலும் தடுத்துப் பிடித்துக்கொண்டான். ஜெயபாரதி அவனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்ல முடியாமல் நின்றாள். அவன் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டான். எல்லோரும் உள்ளே போனார்கள். வெள்ளைத்துரையும் வாசற்படியில் காலை வைத்தார்.

“நீங்க இருங்க” என்றாள் தேவானை. அன்று முழுக்க அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. “எம் புள்ளையத் திருடன்னு நீங்க வீட்டுக்குள்ள வெச்சுச் சொல்லல. தெருவுல நின்னு சொன்னீங்க. அவன் இந்தத் தெருவுலதான் நடக்கணும்.”

வெள்ளைத்துரை காலை எடுத்துக்கொண்டார். தெரு நடுவில் போய் நின்றார். குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. பெண்கள் அவரைப் பார்த்தார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்தார். துப்பறியும் வெள்ளைத்துரை மீசையைத் தடவப் போன கையைக் கீழே இறக்கினார்.

“ஜவஹர் திருடலை” என்றார். “திருடினான்னு சொன்னவன் நான். சொன்னது பொய்.”

“இன்னா சார்?” என்று எதிர்வீட்டுப் பெரியவர் காதில் கையை வைத்தார். “கேக்கல. கொஞ்சம் சத்தமா சொல்லு.”

வெள்ளைத்துரை தேவானையைத் திரும்பிப் பார்த்தார். அவள் வாசற்படியில் அசையாமல் நின்றாள். அவர் மூச்சை இழுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கத்திய அதே அளவுக்குக் கத்தினார். குழாயடியில் ஒருத்தி தண்ணீரை நிறுத்திவிட்டு, பக்கத்துச் சந்துக்காரிகளையும் கேட்க வரச் சொல்லிக் கூப்பிட்டாள். அவர்கள் வருகிற வரைக்கும் அவர் அங்கேயே காத்து நின்றார்.